பந்து எங்கே வளைகிறது? கோல்ஃப் கிரீனைப் படிக்கவும் நம்பிக்கையோடு உருட்டவும் ஓர் எளிய விளக்கம்

கிரீனில் உருட்டிய பந்து குழிக்குப் பக்கத்தால் போய்விட்டால், நின்று பார்த்தவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "தம்பி, நம்பிக்கை இல்லாமல் அடித்துவிட்டாய்." அடுத்த முறை அந்தத் தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு அடிப்பார். பந்து குழியைத் தாண்டி இரண்டு மீற்றர் போய் நிற்கும். அப்போது வேறொருவர், "கிரீனைப் படிக்கத் தெரியவில்லை, அது பிறவியிலேயே வரவேண்டும்" என்பார்.

இந்த இரண்டு பேச்சுமே ஆளைக் கெடுக்கும். கிரீனைப் படிப்பது பிறவி வரம் அல்ல; அதற்குப் பின்னால் இருப்பது எளிய இயற்பியல். நம்பிக்கையும் பல்லைக் கடித்து வரவழைக்கும் உணர்ச்சி அல்ல. எவ்வளவு வேகம், எந்தத் திசை என்று முன்கூட்டியே முடிவெடுத்தவரிடம் அது தானாக இருக்கும். முடிவெடுக்காதவரிடம் என்ன சொன்னாலும் இருக்காது.

கிழக்கில் இந்த விளையாட்டை ஆடுபவர்கள் குறைவு. மட்டக்களப்பிலிருந்தோ அம்பாறையிலிருந்தோ புறப்பட்டால் திருகோணமலை சீனக்குடாவில் விமானப்படையின் 18 குழித் திடல் இருக்கிறது. மலைக்கு ஏறினால் 1889 இல் தொடங்கப்பட்ட நுவரெலியாக் கழகமும் திகணையில் விக்டோரியாத் திடலும் இருக்கின்றன. எங்கே போனாலும் நீண்ட பயணம்தான். கிரீனில் கால் வைக்கும் நேரம் குறைவாகக் கிடைப்பவர், அங்கே என்ன பார்க்கவேண்டும் என்று ஊரிலேயே தெரிந்துகொண்டு போவது நல்லது.

இரண்டு சொற்களை முதலில் வைத்துக்கொள்வோம். குழியைச் சுற்றி மிகக் குட்டையாகப் புல் வெட்டிய பரப்புக்கு கிரீன் என்று பெயர். அதில் பந்தைத் தரையோடு தரையாக உருட்டப் பயன்படும் தட்டை முகக் கோல் பட்டர். அந்த உருட்டலைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

வட்டையில் தண்ணீர் பார்க்கும் கண்

படுவான்கரையில் வேளாண்மை செய்யும் ஒருவரை வரம்பில் நிறுத்தி, "இந்தத் துண்டில் எந்த மூலை பள்ளம்?" என்று கேட்டால் மட்டக்கருவி தேடிப் போகமாட்டார். வக்கடையைத் திறந்தால் தண்ணீர் முதலில் எங்கே ஓடும், எங்கே தேங்கும், எந்த மேட்டுத் துண்டு கடைசிவரை காய்ந்து கிடக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கண்ணுக்குச் சமதளமாகத் தெரியும் வயலிலும் அவருக்கு ஒரு சரிவு தெரிகிறது.

கிரீனையும் அப்படித்தான் பார்க்கவேண்டும். குழிக்கு மேலே ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினால் அது எந்தப் பக்கம் வழிந்தோடும்? கிரீனை அமைப்பவர்கள் மழைத்தண்ணீர் தேங்காமல் வெளியேறும்படிதான் அதற்குச் சரிவு கொடுக்கிறார்கள். ஆகவே தண்ணீர் போகும் வழி ஒன்று எப்போதும் இருக்கும். குழியின் ஊடாக அந்தத் தண்ணீர் ஓடும் கோட்டை நீரோட்டக் கோடு என்று வைத்துக்கொள்வோம். பந்து அந்தக் கோட்டின் மேல் இருந்தால் மேலிருந்து உருட்டினாலும் கீழிருந்து உருட்டினாலும் நேராகவே போகும். கோட்டை விட்டு விலகி நின்று உருட்டினால் பந்து வளையும். கோட்டுக்குச் செங்குத்தாக, சரிவின் குறுக்கே உருட்டும்போது வளைவு ஏறத்தாழ உச்சத்தில் இருக்கும்.

பந்து கடலை நோக்கியே ஓடும் என்ற பேச்சையும் இங்கேயே தீர்த்துவிடலாம். கடலுக்கோ குளத்துக்கோ பந்தை இழுக்கும் சக்தி எதுவும் கிடையாது. நீர்நிலைப் பக்கமாக நிலம் தாழ்ந்திருந்தால் அந்தச் சரிவுதான் பந்தை இழுக்கிறது. அதே திடலில் கடலுக்கு எதிர்ப்பக்கமாகச் சரித்து அமைத்த கிரீன் இருந்தால் பந்து கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடும். நுவரெலியாவில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. சுற்றிலும் மலைச்சரிவாக இருப்பதால் கண் அதையே சமதளமாக எடுத்துக்கொள்கிறது. உண்மையில் சரிந்திருக்கும் கிரீன் மட்டமாகத் தெரிகிறது. அங்கே கண்ணை மட்டும் நம்புவது ஆபத்து.

காலால் அளப்பது

சரிவைச் சதவீதத்தில் சொல்வார்கள். ஒரு மீற்றர் தூரத்தில் இரண்டு சென்ரிமீற்றர் உயரம் மாறினால் அது 2 சதவீதச் சரிவு. குழி வெட்டப்படும் இடங்களில் பெரும்பாலும் 1 முதல் 3 சதவீதம்வரை இருக்கும். இவ்வளவு சிறிய சரிவைக் கண் தவறவிடலாம். பாதம் அவ்வளவு எளிதில் தவறவிடாது. பந்துக்கும் குழிக்கும் நடுவே, உருட்டப்போகும் கோடு இரு கால்களுக்கும் இடையில் வரும்படி நின்றால் எந்தக் காலில் பாரம் அதிகமாக இறங்குகிறது என்று தெரியும். மார்க் ஸ்வீனி என்பவர் எய்ம்பாயிண்ட் என்ற பெயரில் பரப்பிய முறை இதையே அடிப்படையாகக் கொண்டது. தொலைக்காட்சியில் சில வீரர்கள் கோட்டின் மேல் கால்களை அகட்டி நின்று, பிறகு விரல்களைக் கண்ணுக்கு நேரே உயர்த்துவது அதனால்தான்.

இதைப் பழகத் திடல் தேவையில்லை. ஒரு மீற்றர் நீளமான உறுதியான பலகையை எடுத்து, ஒரு முனைக்குக் கீழே இரண்டு சென்ரிமீற்றர் தடித்த புத்தகத்தை வையுங்கள். பலகையின் நீளவாக்கில் கால்களை அகட்டி, கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள். பாதத்துக்குத் தெரியும் அந்த அளவுதான் 2 சதவீதம். புத்தகத்தின் தடிப்பைக் கூட்டிக் குறைத்து ஒன்றையும் மூன்றையும் பாதத்துக்குக் காட்டுங்கள். வேறொருவர் புத்தகத்தை மாற்றி வைக்க, நீங்கள் கண் திறக்காமல் சொல்லிப்பார்த்தால் பழக்கம் விரைவில் வரும். சிறுவர்கள் இதைப் பெரியவர்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள்.

கால் இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியம். சுற்று நடந்துகொண்டிருக்கும்போது, ஆடப்போகும் கிரீனில் சோதனைக்காகப் பந்தை உருட்டிப்பார்க்கவோ புல்லைத் தேய்த்துப்பார்க்கவோ விதி இடம் கொடுப்பதில்லை. நடந்து பார்க்கத் தடையில்லை.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: தண்ணீர் போகும் வழியைக் கண்டுபிடிக்கவேண்டும், அந்தச் சரிவு எவ்வளவு என்று காலால் உணரவேண்டும். இனி, அந்தச் சரிவு பந்தை என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

கிரீனின் வேகம்

ஒரே சரிவாக இருந்தாலும் இரண்டு கிரீன்களில் பந்து ஒரே மாதிரி வளையாது. புல் பந்தை எவ்வளவு இழுத்துப் பிடிக்கிறது என்பதைப் பொறுத்து அது மாறும். இந்த இழுவையை அளக்க ஓர் எளிய கருவி இருக்கிறது. 1935 இல் அமெரிக்காவின் ஓக்மொண்ட் திடலில் நடந்த யூ.எஸ். ஓப்பன் போட்டியைப் பார்த்த எட்வர்ட் ஸ்டிம்ப்சன், அங்கிருந்த கிரீன்களின் வேகத்தைக் கண்டு, அதை எண்ணால் சொல்ல வழி தேடினார். அவர் மரத்தில் செய்த சட்டத்தை அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1970களில் அலுமினியத்தில் செய்து பரப்பியது. 91 சென்ரிமீற்றர் நீளமான சட்டத்தில் ஒரு பள்ளம் இருக்கும். பந்தை அதில் வைத்துச் சட்டத்தின் ஒரு முனையை மெல்ல உயர்த்தினால், ஏறத்தாழ 20 பாகை சரிந்தவுடன் பந்து தானாக உருளும். மட்டமான தரையில் அது எத்தனை அடி ஓடுகிறதோ அதுவே அந்த கிரீனின் ஸ்டிம்ப் எண். பந்து எப்போதும் ஒரே வேகத்தில் புறப்படுவதால் வேறுபாடு முழுவதும் புல்லுடையது.

ஸ்டிம்ப் 8 என்றால் பந்து 8 அடி, அதாவது சுமார் 2.4 மீற்றர் ஓடியது என்று பொருள். சாதாரண ஆட்டக்காரருக்கு அது பழக்கமான வேகம். தொலைக்காட்சியில் காணும் பெரிய போட்டிகளில் எண் 11, 12 என்று போகும். அந்தப் பந்துகள் வளைவதைப் பார்த்துவிட்டு இங்கே அதே அளவு வளைவை எதிர்பார்ப்பது சரிவராது.

பருவமும் வேகத்தை மாற்றும். மாரி மழையில் நனைந்த புல் பந்தைப் பிடித்து நிறுத்தும். கச்சான் காற்றில் காய்ந்த தரையில், புல் குட்டையாக இருந்தால், பந்து வழுக்கிக்கொண்டு ஓடும்.

பெரிய குழப்பம்: உச்சியும் இலக்கும்

தண்ணீரைப் பற்றிச் சொன்ன ஒப்புமை இந்த இடத்தில் போதாமல் போகிறது. தண்ணீரைச் சரிவு மட்டுமே இழுக்கிறது. பந்துக்கு நாம் கொடுத்த வேகமும் இருக்கிறது. பந்து வேகமாக ஓடும்போது ஒவ்வொரு மீற்றரையும் சிறிது நேரத்தில் கடந்துவிடும். சரிவு இழுப்பதற்குக் கிடைக்கும் நேரம் குறைவு. பந்து தளரும்போது அதே ஒரு மீற்றருக்கு அதிக நேரம் எடுக்கும். சரிவு ஆற அமர இழுக்கிறது. அதனால் வளைவு பாதை முழுவதும் சமமாகப் பிரிந்திருப்பதில்லை. கடைசிப் பகுதியில்தான் குவிந்திருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஸ்டிம்ப் 8 உள்ள கிரீன்; 2 சதவீதச் சரிவு; வலப்பக்கம் தாழ்வு; குழி சரிவின் குறுக்கே 3 மீற்றர் தூரத்தில். பந்து குழியின் வாயில் போய்ச் சேரும்போது வேகம் தீர்ந்து விழவேண்டும். உராய்வையும் சரிவையும் சேர்த்துக் கணக்கிட்டால், புறப்பட்ட நேர்கோட்டிலிருந்து பந்து மொத்தமாக ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் விலகும். முதல் ஒன்றரை மீற்றரில் விலகுவது 5 சென்ரிமீற்றருக்கும் குறைவு. மீதி 25 சென்ரிமீற்றரும் இரண்டாவது பாதியில்தான்.

ஆகவே குழிக்கு இடப்பக்கம் 30 சென்ரிமீற்றர் தள்ளி இருக்கும் ஓர் இடத்தை நோக்கி நேராக அடிக்கவேண்டும். அந்த இடம்தான் இலக்கு. பந்து எந்தக் கட்டத்திலும் அந்த இலக்கைத் தொடுவதில்லை. பாதையின் நடுப்பகுதியைச் சற்றுத் தாண்டியதும், பந்தையும் குழியையும் இணைக்கும் நேர்கோட்டிலிருந்து அதிகபட்சமாக 11 சென்ரிமீற்றர் அளவுக்குத்தான் அது விலகியிருக்கும். அதுவே வளைவின் உச்சி.

பார்ப்பவர் கண்ணில் படுவதும் மனத்தில் பதிவதும் இந்த உச்சிதான். பந்து 11 சென்ரிமீற்றர் வளைந்து குழியில் விழுந்தது என்று நினைத்துக்கொள்கிறார். அடுத்த முறை தாமே அடிக்கும்போது உச்சி இருந்த இடத்தை நோக்கி அடிக்கிறார். ஆனால் பந்து அந்த இடத்துக்குப் போய்ச் சேருமுன்பே வளையத் தொடங்கிவிடுகிறது. குழிக்குக் கீழ்ப்பக்கத்தால் கடந்துபோகிறது. சாதாரண ஆட்டக்காரர்களின் பந்துகள் திரும்பத் திரும்பக் கீழ்ப்பக்கத்திலேயே தவறுவதற்கு, என் கணிப்பில், இதைவிடப் பெரிய காரணம் இல்லை. கை நடுங்கியதால் அப்படி ஆனது என்று அவர்களிடம் சொல்வது அநியாயம். கை சொன்னபடிதான் அடித்தது. சொல்லப்பட்ட இடம்தான் தவறு.

களுவாஞ்சிகுடிப் பக்கத்து இளைஞர் ஒருவர் பயிற்சி கிரீனில் இதைச் செய்து பார்த்ததை அருகே நின்று கவனித்தேன். குழிக்கு இடப்பக்கம் ஒரு சாண் தூரத்தில் ஒரு நாணயத்தை வைத்து, "மகன், குழியை மறந்துவிடு. அந்த நாணயத்தை நோக்கி நேராக உருட்டு" என்றார் கூட வந்த பெரியவர். இளைஞருக்கு அது பிடிக்கவில்லை. "ஐயா, அங்கே அடித்தால் பந்து மேலேயே நின்றுவிடும்" என்றார். உருட்டினார். பந்து வெகுதூரம் நாணயத்தைப் பார்த்தே போனது. பிறகு கடைசி மீற்றரில் தலையைத் திருப்பிக்கொண்டு குழியின் மேல் உதட்டில் ஏறி உள்ளே விழுந்தது. அவர் குனிந்து பந்தை எடுக்காமல், அது வந்த வழியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பயிற்சி கிரீனில் நாணயத்தை வைத்துப் பழகலாம். ஆட்டத்தில் அப்படிக் குறிவைக்க எதையும் வைக்க முடியாது. நிறம் மாறிய ஒரு புல் நுனியையோ சிறு தழும்பையோ கண்ணால் பிடித்துக்கொள்ளவேண்டும்.

வேகத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

மேலே சொன்ன அதே மூன்று மீற்றரை வேறு வேகத்தில் உருட்டிப் பார்க்கலாம். பந்து குழியில் விழாவிட்டால் 40 சென்ரிமீற்றர் தாண்டிப்போய் நிற்கும் அளவுக்கு வேகம் கொடுத்தால், வளைவு 30 இலிருந்து 22 சென்ரிமீற்றராகக் குறைகிறது. இரண்டு இலக்குகளுமே சரியானவை. ஒவ்வொன்றும் அதற்கு உரிய வேகத்தோடு மட்டும். 22 ஐப் பார்த்து நின்றுகொண்டு 30 க்கு உரிய மெல்லிய வேகத்தில் உருட்டினால் பந்து கீழே போகும். "வளைவு எவ்வளவு?" என்ற கேள்விக்கு வேகத்தைச் சொல்லாமல் விடை கிடையாது. கிரீனை நெடுநேரம் உற்றுப்பார்த்தும் பலருக்கு ஒன்றும் பிடிபடாமல் இருப்பது இதனால்தான்: வேகத்தை முடிவு செய்யாமல் கோட்டைத் தேடுகிறார்கள்.

கிரீன் வேகமானால் வளைவும் கூடும். ஸ்டிம்ப் 11 என்றால் அந்த 30 சென்ரிமீற்றர் ஏறத்தாழ 42 ஆகிவிடும்.

அப்படியானால் எப்போதும் பலமாக அடித்து வளைவைக் குறைத்துவிடலாமே என்று தோன்றும். குழி அதற்கு இடம் கொடுக்காது. குழியின் குறுக்களவு 10.8 சென்ரிமீற்றர், பந்தின் குறுக்களவு 4.27 சென்ரிமீற்றர். மெதுவாக வரும் பந்து குழியின் ஓரத்தைத் தொட்டாலும் உள்ளே சாயும். வேகமாக வரும் பந்துக்கு நடுப்பகுதி மட்டும்தான் குழி. ஓரத்தில் பட்டால் சுற்றி வெளியே வந்துவிடும். பிரையன் ஹோம்ஸ் என்ற இயற்பியலாளர் 1991 இல் கணக்கிட்டபடி, வினாடிக்கு 1.63 மீற்றருக்கு மேல் வேகமாக வரும் பந்து சரியாக நடுவில் வந்தாலும் விழாது. ஸ்டிம்ப் 8 இல் அது குழியைத் தாண்டி இரண்டு மீற்றர் ஓடக்கூடிய வேகம். பல்லைக் கடித்து அடித்த தம்பியின் பந்துக்கு அந்த நேரத்தில் குழி ஒரு புள்ளியாகச் சுருங்கியிருந்தது.

குழியைத் தாண்டி ஒரு முழம்வரை போகும் வேகம் பழகுபவருக்கு ஏற்றது என்பது என் கருத்து. குறுகிய உருட்டலில் இது கைமேல் பலன் தரும். ஒரு மீற்றர் தூரம், அதே 2 சதவீதச் சரிவு என்றால் குழி வாயில் ஓயும் வேகத்துக்கு வளைவு 10 சென்ரிமீற்றர்; இலக்கு குழிக்கு வெளியே வந்துவிடுகிறது. 40 சென்ரிமீற்றர் தாண்டும் வேகத்துக்கு வளைவு 5 சென்ரிமீற்றர் மட்டுமே. குழியின் மேல் ஓரத்துக்குச் சற்று உள்ளே பார்த்து அடித்தால் போதும்.

ஏற்றமும் இறக்கமும் தூரத்தை மாற்றும். மட்டத்தில் 3 மீற்றர் ஓடும் உருட்டல், 2 சதவீத ஏற்றத்தில் 2.5 மீற்றரிலேயே நின்றுவிடும்; இறக்கத்தில் ஏறத்தாழ 3.8 மீற்றர் ஓடும். இறக்கத்தில் பிசகு பெரிதாவதைக் கவனியுங்கள். தூரத்திலிருந்து கிரீனுக்குப் பந்தை அனுப்பும்போதே குழிக்குக் கீழ்ப்பக்கத்தில் அது நிற்கும்படி பார்த்துக்கொள்பவருக்கு இந்த வேலை பாதியாகக் குறையும்.

சுருக்கமாக: முதலில் வேகம், பிறகு இலக்கு. இலக்கு என்பது உச்சி அல்ல. அது உச்சியைவிட வெகுவாக வெளியே இருக்கும்.

நம்பிக்கை எங்கிருந்து வருகிறது

நம்பிக்கை குலைவதற்கு முதற்காரணம் எதிர்பார்ப்புத் தவறாக இருப்பது. இரண்டரை மீற்றர் உருட்டலைத் தவறவிட்டுவிட்டு நாள் முழுவதும் வருந்துபவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்கத் தொழில்முறைச் சுற்றின் பதிவுகளை ஆராய்ந்த கொலம்பியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் ப்ரோடி காட்டியது என்னவென்றால், அந்த வீரர்களே 8 அடித் தூரத்திலிருந்து, அதாவது சுமார் 2.4 மீற்றரிலிருந்து, இரண்டில் ஒன்றைத்தான் குழியில் போடுகிறார்கள். 20 அடியிலிருந்து நூற்றுக்கு 15 தான். 18 குழிகளை மொத்தம் 90 முறை அளவில் பந்தை அடித்து முடிக்கும் சாதாரண ஆட்டக்காரர் அதே பாதிக்குப் பாதியை எட்டுவது 5 அடியில், சுமார் ஒன்றரை மீற்றரில். இந்த எண்கள் மனத்தில் இருந்தால் தவறிய பந்து குற்றமாகத் தெரியாது. ஆறு மீற்றரிலிருந்து உருட்டும்போது நோக்கம் குழியில் போடுவதாக இருக்கவேண்டியதில்லை. அடுத்த உருட்டல் கண்ணை மூடிக்கொண்டு போடும் தூரத்தில் நின்றால் அது நல்ல உருட்டல்.

இரண்டாவது காரணம், பந்தின் மேல் குனிந்து நின்ற பிறகும் யோசித்துக்கொண்டிருப்பது. "இன்னும் கொஞ்சம் இடப்பக்கமா? வேகம் கூடிவிடுமோ?" என்று மனம் கேட்கும் கணத்தில் கை தயங்குகிறது. கோலின் முகம் ஒரு பாகை திரும்பினாலும் மூன்று மீற்றரில் 5 சென்ரிமீற்றர் விலகிவிடும். குழியின் பாதி அகலம் அதிலேயே போய்விடுகிறது. யோசனை முழுவதையும் பந்துக்குப் பின்னால் நிற்கும்போதே முடித்துவிடவேண்டும். வேகம், இலக்கு இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுபவர்களுக்கு இது எளிதாக வருகிறது. சந்தேகம் எழுந்தால் விலகி நின்று மறுபடி தொடங்குங்கள். யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

மூன்றாவது, கண். கனடாவின் கல்கரிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் விக்கர்ஸ் 1992 இல் வெளியிட்ட ஆய்வில், தேர்ந்தவர்கள் உருட்டுமுன் பந்தின் மேல் பார்வையை நிலையாக நிறுத்துகிறார்கள் என்றும் மற்றவர்களின் கண் பந்து, கோல், குழி என்று அலைகிறது என்றும் காட்டினார். இந்த நிலைத்த பார்வையை அமைதிப் பார்வை என்கிறார்கள். இலக்கை ஒருமுறை பார்த்து, பந்தின் பின்புறத்தில் ஒரு புள்ளியைப் பிடித்து, இரண்டு மூன்று வினாடி அங்கேயே நிறுத்தி, உருட்டிய பிறகும் கண்ணை உடனே தூக்காமல் இருந்தால் போதும்.

ஊரிலிருந்தே பழக

சீமெந்துத் தரை மிக வேகமானது. அதில் வேகம் பழக முடியாது, திசை பழகலாம். சுண்ணக்கட்டியால் 10.8 சென்ரிமீற்றர் வட்டம் வரைந்து, ஒரு மீற்றர் தூரத்திலிருந்து உருட்டுங்கள். வீட்டு விறாந்தைகள் மழைத்தண்ணீர் ஓடுவதற்காக முற்றத்துப் பக்கம் சற்றுச் சரிந்திருப்பது இங்கே வசதி. அந்தச் சரிவின் குறுக்கே உருட்டினால் வளைவு முழுவதும் கடைசியில் குவிவதைக் கண்ணாலேயே காணலாம். வேகம் பழகக் கம்பளம் நல்லது. கண்ணை மூடிக்கொண்டு உருட்டி, பந்து எங்கே நின்றது என்று பார்க்குமுன் "கூடியது" அல்லது "குறைந்தது" என்று சொல்லுங்கள். வாயால் சொன்னதும் பந்து நின்ற இடமும் ஒத்துவரத் தொடங்கும்போது கைக்கு வேகம் தெரிய ஆரம்பித்துவிட்டது.

சீனக்குடாவுக்கோ வேறு திடலுக்கோ போய் இறங்கியதும் ஆட்டத்துக்கு முன் பயிற்சி கிரீனில் கால்மணி நேரம் கிடைத்தால், குழியைப் பார்த்து அடித்துக்கொண்டிருக்காதீர்கள். அன்றைய புல்லின் வேகத்தைக் கையில் ஏற்றிக்கொள்வதுதான் முதல் வேலை. ஆறு மீற்றர் தூரத்தில் புல்லின் ஓரத்தையே எல்லையாக வைத்து, பந்து அதைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி சில பந்துகளை உருட்டுங்கள். பிறகு அதையே ஏற்றத்தில், அதையே இறக்கத்தில். கடைசியாகச் சரிவின் குறுக்கே மூன்று மீற்றர் எடுத்து, நாணயம் ஒன்றை வைத்து, அன்றைய வேகத்துக்கு அது குழியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கவேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதல் குழிக்குப் போகும்போது அந்த அளவு நினைவில் இருக்கட்டும்.